எலும்பா, வாயா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

‘லத்தீனை நெடுங்காலம் வாழவைத்தது இலக்கணம் வழுவாத செந்நடையே’ என்று எதிரணித் தலைவர் வாதாடினார். கேட்பவருக்குப் புரியும் எளிய நடையே என்பது எங்கள் அணியின் வாதம். பழைய ரோமின் பெரும் பேச்சாளர் சிசரோவின் வாக்கிய அழகை அவர் விளக்கியபோது நானும் சொக்கித்தான் போனேன். வினைமுற்றைக் கடைசிவரை தள்ளிவைத்து, அடுக்கடுக்காகச் செய்தியைக் கட்டிக்கொண்டு போகும் அந்த நடை நம் காதுக்கு அந்நியமா என்ன? சிசரோ காலத்து ரோமில் மன்றத்தில் கூடியவர்கள் அதைக் கேட்டு மயங்கினார்கள். ஒப்புக்கொள்கிறேன். நானூறு ஆண்டு கழித்து?

வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகருக்கு வாருங்கள். அங்கே அகஸ்டின் ஆயர். சொல்லணி கற்பிக்கும் ஆசிரியராக இருந்தவர். அவருக்குத் தெரியாத இலக்கணம் இல்லை. லத்தீனில் குறில் ‘ஒஸ்’ என்றால் எலும்பு, நெடில் ‘ஓஸ்’ என்றால் வாய். அந்த ஊர் மக்களின் காதோ குறில் நெடிலைப் பிரித்தறியாது. எலும்பா, வாயா என்று குழம்புவார்கள். அகஸ்டின் என்ன செய்தார்? பிரசங்கத்தில் எலும்புக்கு ‘ஒஸ்ஸும்’ என்ற கொச்சை வடிவத்தையே துணிந்து சொன்னார். மக்களுக்குப் புரியாமல் போவதைவிட இலக்கண ஆசிரியர்கள் நம்மைக் கண்டிப்பதே மேல் என்று அந்த இடத்திலேயே காரணமும் சொன்னார். நடுவர் அவர்களே, கற்ற ஒருவர் கேட்பவருக்காகத் தன் பெருமையை இறக்கிவைத்த அந்த நொடியை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நெகிழ்கிறது.

அதே காலத்துக் கிறிஸ்தவ அறிஞர் ஜெரோமும் அப்படித்தான். சிசரோவை நேசித்தவர், விவிலியத்தை எளிய லத்தீனில் தந்தார். ஐரோப்பா அதை ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஓதியது.

மறுமலர்ச்சிக் காலப் புலவர்கள் சிசரோவை மீட்டார்கள் என்றீர்கள். மீட்டார்கள்; பிறகு அவர்களில் சிலர் சிசரோ எழுதாத சொல்லைத் தாங்களும் எழுதமாட்டோம் என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். 1528-இல் டச்சு அறிஞர் எராஸ்மஸ் அவர்களைக் கண்டித்து ஓர் உரையாடல் நூலே எழுதினார். அதில் வரும் சிசரோ பக்தருக்கு ஒரு வாக்கியம் எழுத ஒரு குளிர்கால இரவு முழுவதும் வேண்டும்! சிசரோ காணாத சமயம், சிசரோ காணாத உலகம். அவற்றைச் சிசரோவின் சொல்லால் மட்டும் எப்படிப் பேசுவது என்பதே எராஸ்மஸின் கேள்வி. எதிரணி இன்னும் அதற்குப் பதில் சொல்லவில்லை.

1753-இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் நம் மாமரத்துக்கு இரண்டே சொல்லில் ‘மாங்கிஃபெரா இண்டிகா’ என்று லத்தீன் பெயர் வைத்தார். தாவரவியல் படிக்கும் பிள்ளைகள் இன்றும் அதைச் சொல்கிறார்கள். அந்த இரண்டு சொல் எந்த அணியின் கணக்கில் சேரும் என்பதை நடுவர் அவர்கள்தான் சொல்ல வேண்டும். நன்றி, வணக்கம்.