கால்சியம் கடைசியில்

வணக்கம் நேயர்களே. குடல் வேலை செய்யாத நோயாளிக்கும் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் சாப்பாடு முழுவதையும் ரத்தக்குழாய் வழியாகவே ஏற்றுகிறார்கள். குளுக்கோஸ், அமினோ அமிலம், கொழுப்பு, உப்புகள், வைட்டமின்கள் எல்லாம் ஒரே பையில் இருக்கலாம்.

அந்தப் பைக்குள் கால்சியத்துக்கும் பாஸ்பேட்டுக்கும் ஒத்துப்போகாது. எலும்புக்கு இரண்டும் வேண்டும். ஆனால் பையிலேயே சேர்ந்துகொண்டால் கரையாத துகளாகிவிடும். 1994 ஏப்ரலில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. இரண்டு பேர் இறந்திருந்தார்கள். பிரேதப் பரிசோதனையில் நுரையீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்களில் கால்சியம் பாஸ்பேட் இருந்தது. கொழுப்பு கலந்த பை பால் நிறம். அதற்குள் வெள்ளைத் துகள் கிடந்தால் எந்தக் கண்ணுக்குத் தெரியும்?

அதனால் கலக்கும்போதே கவனம் வேண்டும். பாஸ்பேட்டை முதலில் விட்டு நன்றாகக் கலக்குவோம். கால்சியம் கடைசிப் பக்கம்தான். கணக்கில் பலர் சறுக்குவது இங்கேதான். பை நிறைந்தால் ஒரு லிட்டர் என்று வையுங்கள். கால்சியம் விடும் நேரத்தில் 600 மில்லிதான் உள்ளே இருக்கிறதென்றால், கரையுமா என்பதை அந்த 600-க்குத்தான் பார்க்க வேண்டும். மிச்சத்தைப் பிறகு ஊற்றினாலும் விழுந்த துகள் லேசில் கரையாது. கால்சியம் குளோரைடைவிட குளுக்கோனேட் பாதுகாப்பானது, ஏனென்றால் அது கால்சியத்தை அவ்வளவு சுலபமாக விட்டுவிடாது.

அப்புறம் சூடு. சர்க்கரை சூட்டில் சீக்கிரம் கரையும், இது நேர்மாறு. ஃபிரிட்ஜில் தெளிவாக இருந்த கரைசல், பச்சிளம் குழந்தைகள் வார்டின் வெப்பத்தில் குழாய்க்குள் மெல்லத் துகள்விடலாம். கரைசலின் அமிலத்தன்மை குறைந்தாலும் இதே கதைதான். பையை மாட்டும்போது பார்த்தோமே என்று விட்டுவிட முடியாது. கொழுப்பு கலந்த பைக்கு 1.2 மைக்ரான் வடிகட்டி போடச் சொல்வது இதற்காகத்தான். அதுவும் கடைசிக் காவல்தான். கலப்பதில் விட்ட தப்பை அது சரிசெய்யாது.

சோடியம் கிளிசரோபாஸ்பேட் என்ற கரிம பாஸ்பேட் கிடைக்கும் இடங்களில் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. கால்சியத்தோடு சண்டை போடாது. ஆனால் ஒவ்வொரு மில்லிமோல் பாஸ்பேட்டோடும் இரண்டு மில்லிமோல் சோடியமும் கூடவே வரும். ஒரு கிலோ எடைகூட இல்லாத குழந்தைக்கு அது சின்ன விஷயமில்லை. மருந்துச் சீட்டில் சோடியம் குளோரைடைக் குறைத்த பிறகுதான் அதைச் சேர்க்க வேண்டும்.