பனை வைத்தவனின் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

"தென்னையை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனையை வச்சவன் பார்த்துட்டுச் சாவான்" என்று ஊர்ப்பக்கம் சொல்வார்கள். தென்னை சில வருடங்களில் காய்த்துவிடும். பனைக்குப் பத்துப் பதினைந்து வருடமாவது பொறுக்க வேண்டும். அரசாங்கம் ஒரு சதுப்பு நிலத்தை மீட்கலாமா, கடலோரம் அலையாத்திக் காடு வளர்க்கலாமா என்று யோசிக்கும்போதும் இதே பேச்சுதான். ஆனால் அங்கே பொறுமைக்கு ஒரு எண் வைத்திருக்கிறார்கள். அதற்குச் சமூகத் தள்ளுபடி விகிதம் என்று பெயர். அலுவலகப் பேச்சில் டிஸ்கவுன்ட் ரேட்.

வட்டியைத் திருப்பிப் போட்டால் அதுதான். நாளை வரப்போகும் நன்மைக்கு இன்று என்ன விலை என்று சொல்லும் எண்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 கோடி ரூபாய் செலவில் ஒரு சதுப்பு நிலத்தை மீட்கிறோம். வெள்ளச் சேதம் குறைவதால் வருடத்துக்கு 1 கோடி மிச்சம், 50 வருடத்துக்கு. விகிதம் 12 சதவீதம் என்றால் அத்தனை வருட நன்மைக்கும் இன்றைய மதிப்பு சுமார் 8.3 கோடிதான். போட்ட காசு தேறாது, திட்டத்தைக் கைவிட்டுவிடுவார்கள். சரி, 12-ஐ 6 ஆக்குங்கள். கிட்டத்தட்ட 15.8 கோடி வருகிறது, திட்டம் தேறிவிடும். நிலமும் அதே, மழையும் அதே.

இன்னும் தூரம் போனால் மனம் கலங்குகிறது. 100 வருடம் கழித்து நம் சந்ததிக்கு நேரும் 1 கோடி ரூபாய் சேதம், 12 சதவீதத்தில் இன்று வெறும் 120 ரூபாய். ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு.

ஆசிய வளர்ச்சி வங்கி வெகுகாலம் இந்த 12-ஐ ஒட்டித்தான் திட்டங்களை அளந்தது. 2017 வழிகாட்டி நெறிகளில் அதை 9 ஆக்கியது. சமூக, சுற்றுச்சூழல் நன்மை தரும் சில திட்டங்களுக்கு 6. பிரிட்டன் கருவூலம் முதல் 30 வருடத்துக்கு 3.5 வைத்து, அதற்கப்புறம் படிப்படியாக இறக்குகிறது.

பின்னால் பிறப்பவர் என்பதற்காகவே ஒருவரின் நலனைக் குறைத்து மதிப்பது அறமாகாது என்று பொருளியலாளர் ஃபிராங்க் ராம்சே 1928-லேயே எழுதினார். அதே சமயம் இன்னொரு நியாயமும் இருக்கிறது. நாளைய தலைமுறை நம்மைவிட வசதியாக இருக்குமென்றால், இன்று குடிநீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கிறவரின் பங்கை எடுத்து அவர்களுக்குச் சேர்த்துவைப்பது சரியில்லை. வேகமாக வளரும் நாட்டில் விகிதம் பிரிட்டனைவிடக் கூடுதலாக இருப்பதை அதனால் ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் சம்பளம் கூடுவதுபோல் சதுப்பு நிலம் கூடுமா? சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பில் கட்டடம் எழும்பிய இடம் மறுபடி நீர்பிடிப்பாகப் போவதில்லை. உப்பேறிய கிணறு, பேரன் கைநிறையச் சம்பாதிக்கிறான் என்று தித்திக்காது. அரிதாகிக்கொண்டே போகும் பொருளின் நன்மையை, ஒரு மேம்பாலத்தின் நன்மையைப் போல வருடா வருடம் தேய்த்துக்கொண்டு போவது தவறு என்றே நினைக்கிறேன்.

நான் படித்த திட்ட அறிக்கைகள் சிலவற்றில் இந்த எண் பின்னிணைப்பில் ஒற்றை வரியாகக் கிடந்தது, காரணமே எழுதாமல். அது முதல் பக்கத்துக்கு வர வேண்டும். இரண்டு விகிதங்களில் போட்ட கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதை எடுத்தோம், ஏன் எடுத்தோம் என்று ஊராருக்குத் தமிழில் சொல்ல வேண்டும்.

வணக்கம்.