ஆலோசகர் கட்டணத்துக்கு யார் கணக்குக் கேட்பது?

நேயர்களுக்கு வணக்கம். பினாங்கில் அடைமழை கொட்டினால் சில சாலைகளில் வெள்ளம் ஏறிவிடுகிறது. வடிகாலைச் சீரமைக்க வழி காண, ஓர் அரசுத் துறை வெளி ஆலோசகரை அமர்த்துகிறது என்று வைத்துக்கொள்வோம்.

டெண்டரில்தான் தப்பு நடக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே முறை இருக்கிறது: தொழில்நுட்ப விவரம் ஓர் உறை, விலை இன்னோர் உறை. முதலாவதில் தேறியவரின் விலையைத்தான் பரிசீலிக்க வேண்டும். பணம் வீணாவது பெரும்பாலும் அதற்கு முன்பே, பணி வரையறை எழுதும் மேசையில் தொடங்கிவிடுகிறது. "வடிகாலை ஆராய்ந்து பரிந்துரை வழங்குதல்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டால், பழைய அறிக்கைகளை வெட்டி ஒட்டிக் கொடுத்தாலும் வேலை முடிந்ததாகத்தான் ஆகும். எத்தனை கிலோமீட்டர் கால்வாயை அளப்பது, எங்கெங்கே நீர்மட்டம் பார்ப்பது, மூலத் தரவு யாருக்குச் சொந்தம் என்றெல்லாம் எழுதியாக வேண்டும். தரவைக் கேட்டு வாங்காத துறை, அடுத்த ஆய்வில் அதே கால்வாயை அளக்க மறுபடியும் காசு கொடுக்கும்.

அடுத்தது கட்டணம். நேர அடிப்படையில் அமர்த்தினால், அடிப்படைச் சம்பளத்தை வேலை செய்யும் மாதங்களால் பெருக்கி, நிறுவனத்தின் நிர்வாகச் செலவுக்கும் லாபத்துக்குமான ஒரு காரணியாலும் பெருக்குவார்கள். உதாரணத்துக்கு, சம்பளம் 8,000 ரிங்கிட், 3 மாதம், காரணி 2 என்றால் 48,000. சேவை வரிக்குப் பதிவு பெற்ற நிறுவனமாக இருந்தால், 2024 மார்ச் 1 முதல் நடப்பிலுள்ள 8 விழுக்காட்டின்படி 3,840 சேரும். ஆக 51,840 ரிங்கிட்.

இதில் உன்னிப்பாகப் பார்க்க வேண்டியது அந்த 3 மாதத்தை. டெண்டரில் மூத்த பொறியாளரின் பெயர் இருக்கும். கால்வாய்க் கரையில் நிற்பவரோ புதுப் பட்டதாரி. பில் மட்டும் மூத்தவரின் சம்பளத்தில் வரும். யார் எந்த நாளில் எவ்வளவு நேரம் வேலை செய்தார் என்று நிறுவனம் காட்டும் டைம் ஷீட்டைக் களப் பதிவேட்டோடும் கூட்டக் குறிப்போடும் ஒப்பிட்டால் இது வெளிப்பட்டுவிடும். அதே மாதத்தில் அந்த மூத்தவர் வேறொரு திட்டத்திலும் முழு நேரம் வேலை செய்ததாகப் பில் போடப்பட்டிருக்கிறதா என்றும் விசாரிக்க வேண்டும். ஆளை மாற்றுவதென்றால் துறையின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். சம்பளத்தையும் புதியவருக்குத் தக்கபடி குறைக்க வேண்டும்.

ஆவணங்கள் முழுமையாக வந்த 14 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்பது அரசு நிதி விதி. நல்ல விதிதான். ஆனால் அந்த அவசரத்தில், இடைக்கால அறிக்கையைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் "வேலை திருப்தி" என்று கையெழுத்துப் போடுவதை ஏற்கவே முடியாது. அதைப் படித்த தொழில்நுட்ப அதிகாரியே கையெழுத்திட வேண்டும்.

இன்னொரு சிக்கல் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. கூட்டரசின் நிர்வாகச் செலவில் ஆலோசகர் கட்டணம் 29000 என்ற குறியீட்டின் கீழ் வருகிறது. விலைக்கு வாங்கும் மற்றச் சேவைகளும் விருந்துபசரிப்பும்கூட அதே தலைப்பில்தான். மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் ஆலோசகருக்குப் போனது எவ்வளவு என்று தெரியாது. அதனால் ஒவ்வொரு துறையும் தனிப் பதிவேடு வைக்க வேண்டும்: ஒப்பந்தத் தொகை, கால நீட்டிப்பு, கூடுதல் கட்டணம், அறிக்கை வந்த நாள், பரிந்துரைகளில் நிறைவேறியவை எத்தனை, நிறைவேறாதவைக்குக் காரணம் என்ன என்று.