பூசையில் அமர்ந்தால் கோபம் மேலெழுவது ஏன்? – நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

அனைவருக்கும் வணக்கம். இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கும் சகோதரி ஒருவர் இந்தக் கேள்வியை அனுப்பியிருக்கிறார். ‘ஐயா, வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறேன். வீட்டிலும் விளக்கேற்றி நமசிவாய சொல்கிறேன். ஆனால் கண்ணை மூடியதும் நாத்தனார் பேசிய பேச்சும், கொழுந்து குறைவு என்று அரைநாள் சம்பளமாக எனக்கு அரைப்பேர் போட்டதும்தான் நினைவுக்கு வருகின்றன. மலையில் நிற்கும்போதுகூட இவ்வளவு கோபம் வருவதில்லை. மனம் சுத்தமாக வேண்டும் என்று செய்கிற பூசையில் மனம் இன்னும் அழுக்காகிறதா? இப்படிப்பட்ட மனத்தோடு விளக்கேற்றுவது பாவமா?’

சகோதரி, அந்தக் கோபம் பூசையில் பிறந்தது அல்ல. மலையில் உங்கள் கண்ணும் கையும் கொழுந்திலே இருக்கின்றன. வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பினால் அடுப்பு, தண்ணீர், பிள்ளைகள். நாள் முழுவதிலும் நீங்கள் உங்களோடு தனியாக இருப்பது அந்த விளக்கின் முன்னால் இருக்கும் சிறிது நேரத்தில்தான். ஏற்கெனவே உள்ளே கிடந்தது அப்போதுதான் கண்ணில் படுகிறது.

உயிரைப் பற்றியிருந்து அதன் அறிவை மறைக்கும் அழுக்கான ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்த நூல்கள் செம்பில் உள்ள களிம்பை உவமையாகச் சொல்கின்றன. செம்புக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கினால் பளபளக்கிறது. சில நாள் விட்டால் மறுபடியும் கறுக்கிறது. களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டியது அல்ல, செம்போடு கூடவே இருப்பது என்பது அந்த உவமையின் கருத்து. பாதரசத்தால் செய்த இரசக் குளிகை பட்டால்தான் அது முற்றாக நீங்கும் என்றும், உயிருக்கு அந்தக் குளிகை இறைவனுடைய அருளே என்றும் பெரியோர் விளக்கினார்கள். நம்முடைய முயற்சி துலக்குவதோடு நிற்கிறது, ஆனால் துலக்காமல் இருக்கவும் முடியாது. ஒரு மாதம் பூசை செய்தும் மனம் அடங்கவில்லையே என்று வருந்துகிறவர்கள் இந்த இரண்டில் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நாத்தனார் மீதுள்ள கோபமும் அரைப்பேர் பற்றிய கோபமும் ஒரே வகையானவை அல்ல. நிறுவையில் அநியாயம் நடந்திருந்தால் அதைத் தொழிற்சங்கத் தலைவரிடம் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. அதை மன அழுக்கு என்று நினைத்து அடக்கிக்கொள்ளும்படி எந்தச் சாத்திரமும் உங்களிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்ட பிறகும் இரவில் படுக்கையில் எரிந்துகொண்டிருக்கும் மிச்சம் ஒன்று உண்டே, அதைத்தான் பூசைக்குக் கொண்டுவர வேண்டும்.

அதை எப்படிக் கொண்டுவருவது? ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசர் தம் நெஞ்சையே எதிரில் நிறுத்திப் பேசிய திருவாரூர்ப் பாடல் ஒன்று ஆறாம் திருமுறையில் இருக்கிறது. ‘நிலைபெறுமாறு எண்ணுதியேல் நெஞ்சே நீ வா’ என்று அது தொடங்குகிறது. அலைகிற மனத்தை அவர் அதட்டவில்லை, ‘வா’ என்று கூப்பிடுகிறார். கூப்பிட்டு, நாள்தோறும் கோயிலுக்குப் போய், பொழுது புலருமுன் கூட்டி, மெழுகி, பூமாலை கட்டி, புகழ்ந்து பாடி, தலையாரக் கும்பிட்டு, கூத்தாடி, ஆரூரா ஆரூரா என்று அலறச் சொல்கிறார். நினைவுகளை நிறுத்திவிட்டு அசையாமல் உட்கார் என்ற சொல் அந்தப் பாட்டில் எங்கும் இல்லை. கைக்கு வேலை கொடுக்கிறார், பிறகு நாவுக்கு, தலைக்கு, காலுக்கு. வேலை செய்யும் உடலின் பின்னாலேயே மனம் வருகிறது. சரியை என்று சைவம் சொல்லும் இந்த வழியைப் படிக்காதவர்களுக்கான முதற்படி என்று சிலர் தாழ்த்திப் பேசுவதை நான் ஏற்கமாட்டேன். நாவுக்கரசரைவிடப் படித்தவர் யார்? அவர் கையில் கடைசிவரை, கோயிலில் புல் செதுக்கும் கருவியான உழவாரப்படை இருந்தது. திருப்புகலூரில் புல் செதுக்கிய இடத்தில் பொன்னும் மணியும் கிடந்தபோது, அவற்றையும் பருக்கைக் கற்களோடு சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. மனம் தூய்மையானதற்கு அந்தக் கை அசைவே சாட்சி.

ஆகவே, கண்ணை மூடி மனத்தோடு மல்லுக்கட்டுவதைக் கொஞ்ச காலம் விடுங்கள். உங்கள் தோட்டக் கோயிலில் ஒரு சிறு வேலையை உங்களுடையதாக எடுத்துக்கொள்ளுங்கள். சீமெந்துத் தரையைக் கழுவுவதாகவோ, விளக்குத் துலக்குவதாகவோ, கோலம் போடுவதாகவோ இருக்கலாம். கை வேலை செய்யும்போது வாய்விட்டு ஐந்தெழுத்தைச் சொல்லுங்கள். நாத்தனாரின் பேச்சு நினைவுக்கு வந்தால் அதை விரட்டாதீர்கள். ‘தாயே, அந்த வார்த்தை இன்னும் எரிகிறது’ என்று நீங்கள் வீட்டில் பேசுகிற பேச்சிலேயே அம்மனிடம் சொல்லிவிட்டு, கையில் உள்ள வேலையைத் தொடருங்கள்.

நம்முடைய மலையகத்து மார்கழி பஜனையை இதற்காகவே நான் மிக உயர்வாக மதிக்கிறேன். விடியுமுன் பனியில் நடுங்கிக்கொண்டு, மிருதங்கமும் தாளமுமாக லயம் லயமாகப் போகும்போது, பேச்சுவார்த்தை இல்லாத வீட்டின் வாசலிலும் நின்று பாடத்தான் வேண்டும். அந்த வீட்டுக்காரரும் விளக்கோடு வெளியே வந்து கும்பிடத்தான் வேண்டும். தனியறையில் எளிதில் கரையாத மனத்தாங்கல் அங்கே கரைவதைப் பலர் கண்டிருக்கிறார்கள். திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய நாட்களில் சண்டையும் மதுவும் இல்லாத அதே லயத்தில், காப்பு அவிழ்த்த மறுநாளே இரண்டும் திரும்பிவிடுவதையும் பார்க்கிறோம். அது விரதத்தின் குறையல்ல, விரதத்துக்குப் பிறகு அன்றாடம் செய்யும் சிறு வழிபாடு இல்லாததே காரணம். பூசை நேரத்தில் மனம் எவ்வளவு அமைதியாக இருந்தது என்று அளக்காதீர்கள். முன்பு ஒரு வாரம் நீடித்த கோபம் இப்போது எத்தனை நாளில் தணிகிறது என்று பாருங்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. சுத்தமில்லாத மனத்தோடு விளக்கேற்றுவது பாவம் அல்ல. நாவுக்கரசர் சமண சமயத்தில் பல காலம் இருந்துவிட்டு, சூலை நோய் தாங்காமல் திருவதிகையில் தம் அக்கா திலகவதியாரிடம் வந்து சேர்ந்தார். அந்த அம்மையார் திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். முதலில் மனத்தைச் சுத்தப்படுத்திக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பவில்லை. அங்கே அவர் பாடிய முதற்பதிகம் வயிற்று வலியைச் சொல்லி முறையிடும் பாட்டு. நோயோடும் முறையீட்டோடும் வந்தவருக்கு அந்தச் சந்நிதியில் இடம் இருந்தது. வருகிற வெள்ளிக்கிழமையும் விளக்கேற்றுங்கள், சகோதரி. முடிந்தால் நாத்தனாரையும் கூப்பிட்டுப் பாருங்கள். அவர் வராவிட்டாலும் நீங்கள் போங்கள்.