கொடி நிறையப் பூ, காய் மட்டும் இல்ல: வெள்ளரியில தேனீ வேலை உங்களுக்குத்தான்!

[திரையில்: பல்கனிக் கம்பியில ஏறின வெள்ளரிக் கொடி. மஞ்சள் பூ நிறைய. காய் இல்லை.]

வணக்கம் மக்களே! இந்தக் கொடியில 30 பூ நிக்குது. காய் எத்தினை? பூச்சியம். பார்க்கிற ஆக்கள் எல்லாரும் "கொஞ்சம் யூரியா போட்டுப் பாருங்கோவன்" எண்டுதான் சொல்லுவினம். தயவுசெய்து போடாதேங்கோ. போட்டா ஏன் இன்னும் மோசமாகும் எண்டு சொல்லுறன்.

அதுக்கு முதல் அடிப்படை, ஒரே மூச்சில. 20 லீற்றர் பெயின்ற் வாளி, அடியில ஏழெட்டு ஓட்டை, வாளிக்கு ஒரே ஒரு செடி. மண், கொம்போஸ்ட், தும்புத்தூள் மூண்டும் சம பங்கு. தும்புத்தூளில உப்பு இருக்கலாம், அதால ஊறவைச்சு ரெண்டு மூண்டு தரம் கழுவிப் போடுங்கோ. விதை 2 சென்ரிமீற்றர் ஆழம், ஆறு மணித்தியால வெயில், ஏற ஒரு வலை. முடிஞ்சுது. வாளிக்குக் கீழ தட்டு வைக்காதேங்கோ. கொழும்பில தேங்கின தண்ணி எண்டா டெங்கு. சுகாதாரப் பரிசோதகர் வந்து கேட்டா வெள்ளரியைக் காட்டித் தப்பேலாது.

இப்ப பூவுக்கு வருவம். வெள்ளரியில ஆண் பூ வேற, பெண் பூ வேற. முதல் வாறது ஆண் பூ. பெண் பூ வர இன்னும் ஒரு கிழமை, பத்து நாள் செல்லும். மாப்பிள்ளைத் தோழர் பத்துப் பேர் வந்து மண்டபத்தில குந்தியிருக்கினம், பொம்பிளை இன்னும் வெளிக்கிடேல்ல. அந்த நிலைமைதான் இது. அதால முதல் வந்த பூ எல்லாம் கொட்டுப்பட்டா அது நோயும் இல்ல, கண்ணூறும் இல்ல.

[திரையில்: ரெண்டு பூவும் பக்கத்தில பக்கத்தில. காம்பைக் கிட்டக் காட்டவும்.]

எப்பிடிப் பிரிச்சுப் பார்க்கிறது? பூவின்ர முகத்தைப் பார்க்காதேங்கோ, முதுகைப் பாருங்கோ. வெறும் மெல்லிய காம்பு எண்டா ஆண். சின்னவிரல் நுனியளவு, முள்ளு முள்ளா ஒரு குட்டி வெள்ளரிப் பிஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தா பெண். ரெண்டு கிழமை கழிச்சும் பெண் பூவைக் காணேல்ல எண்டா, தழைச்சத்துக் கூடினதும் ஒரு காரணமா இருக்கலாம். யூரியா வேண்டாம் எண்டது இதுக்குத்தான். அது இலையையும் ஆண் பூவையும்தான் கூட்டும். அல்பேர்ட் உரம் (தழைச்சத்தும் கலந்த, தண்ணியில கரைச்சு ஊத்துற உரம்) போடுற ஆக்கள் பைக்கற்றில இருக்கிற அளவில பாதி போட்டாக் காணும்.

பெண் பூ வந்தும் பிஞ்சு மஞ்சளாகி, நுனியில சுருங்கி விழுதா? அங்கதான் விஷயம். அந்தப் பூ விரியிறது ஒரே ஒரு நாள், அதுவும் காலமை. அந்த நேரத்துக்குள்ள தேனீ ஒருக்கா வந்தாப் போதாது, பல தரம் வரவேணும். வெள்ளவத்தையில ஐஞ்சாம் மாடிக்குத் தேனீ லிஃப்ற் பிடிச்சு வருமே? அப்ப அந்த வேலை உங்கட தலையில.

விடிய ஆறரையில இருந்து ஒன்பது மணிக்குள்ள செய்யுங்கோ. அண்டைக்கு விரிஞ்ச ஆண் பூ ஒண்டைக் காம்போட கிள்ளி, மஞ்சள் இதழை உரிச்சு எடுங்கோ. நடுவில ஒரு சின்னக் குச்சி மிஞ்சும், விரலில தொட்டா மஞ்சள் தூள் ஒட்டும். அதைப் பெண் பூவின்ர நடுவில மெதுவா ஒத்துங்கோ. ஒரு ஆண் பூ ரெண்டு பெண் பூவுக்குக் காணும்.

இதில எனக்கு நல்லாப் பிடிச்ச ஒரு விஷயம் இருக்கு. வெள்ளரிக்காயைக் குறுக்கால வட்டமா வெட்டிப் பாருங்கோ. உள்ளுக்கு மூண்டு அறை தெரியும். சலாட்டுக்கு எத்தினையோ தரம் வெட்டியிருப்பீங்கள், கவனிச்சிருக்க மாட்டீங்கள். இப்ப பெண் பூவின்ர நடுவைப் பாருங்கோ, அங்கயும் மூண்டு இதழ் மாதிரிப் பிரிஞ்சிருக்கும். உள்ளுக்கு விதையாகக் காத்திருக்கிறது நூற்றுக்கணக்கில. ஒவ்வொரு விதைக்கும் ஒரு மகரந்தத் துணிக்கை வேணும். விதை பிடிச்ச இடம்தான் சதை வைச்சு வளரும். அதால மூண்டு பக்கமும் ஒத்தாமல் ஒரு பக்கம் தடவிப்போட்டு விட்டா, காய் கொக்கி மாதிரி வளையும். பூ நுனிப் பக்கம் சூம்பி எலிவால் மாதிரி வந்தாலும் பெரும்பாலும் இதுதான் காரணம். சந்தையில வளைஞ்ச காயைக் கண்டா இனி வடிவாப் பார்ப்பீங்கள்!

மே, ஜூன் மழையில விடியவே தூறினா மகரந்தம் நனைஞ்சு பழுதாப்போகும். நுனி மஞ்சளாகி, அடுத்தநாள் விரியப்போற ஆண் மொட்டை முதல் நாள் பின்னேரம் காம்போட வெட்டி, வீட்டுக்குள்ள ஒரு கிளாஸ் தண்ணியில வையுங்கோ. விடிய விரியும். ஒத்தினதுக்குப் பிறகு பெண் பூவைக் கடதாசியால மூடிவிடுங்கோ. பிடிச்சிருந்தா ரெண்டு மூண்டு நாளில பிஞ்சு பருக்கத் தொடங்கும். இதுக்கெல்லாம் நேரமில்லையா? மகரந்தம் இல்லாமலே காய்க்கிற, விதையில்லாத கலப்பின விதையைக் கேட்டு வாங்குங்கோ. விலை கூட, ஆனால் மேல்மாடிக்கு அதுதான் சரி.

[திரையில்: மஞ்சள் புள்ளி விழுந்த இலை.]

அடுத்தது இலை. புள்ளி நரம்புக்கு நரம்பு அடைபட்டு, சதுர ரூள் கொப்பியில கட்டம் நிரப்பின மாதிரி மஞ்சளா இருந்தா, காலமையில இலையைத் திருப்பிப் பாருங்கோ. கீழ சாம்பல் நிறப் பூஞ்சணம் தெரிஞ்சா அது அடிச்சாம்பல் நோய். இலை நனைஞ்சிருந்தாத்தான் பரவும். பின்னேரம் இலைக்கு மேல தண்ணி ஊத்துறதை நிப்பாட்டி, அடி இலைகளை வெட்டி, காத்து ஓட விடுங்கோ. இலைக்கு மேல வெள்ளைப் பவுடர் கொட்டின மாதிரி எண்டா அது வேற நோய். அதுக்கு இலை நனையத் தேவையில்ல. லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவும் ரெண்டு துளி சவர்க்காரத் தண்ணியும் பரவலை மட்டுப்படுத்தும், முற்றா நிப்பாட்டாது. இலை பச்சையும் மஞ்சளுமா நெளிஞ்சு சுருங்கினா வைரஸ். செடியைப் பிடுங்குங்கோ, மருந்து இல்ல. மறீன் டிரைவ் பக்கத்துப் பல்கனியில விளிம்பு மட்டும் கருகினா, கடல் உப்புக்காத்தாயும் இருக்கலாம். நல்ல தண்ணியால காலமையில ஒருக்காக் கழுவிவிடுங்கோ.

பிஞ்சில ஊசி குத்தின அடையாளமும் பிசினும் கண்டா பழ ஈ முட்டை போட்டுட்டுது. பிஞ்சு பிடிச்சவுடன கடதாசிப் பையால மூடுறதுதான் வழி. குத்துப்பட்ட காயை கொம்போஸ்டில போடாதேங்கோ, புழு மண்ணுக்க போய்க் கூட்டுப்புழுவாகி ஈயாத் திரும்பி வரும். பொலித்தீன் பையில இறுக்கிக் கட்டி ரெண்டு கிழமை வெயிலில போடுங்கோ.

கடைசியா, கசப்பு. நுனியை வெட்டி நுரை வரத் தேய்ச்சாக் கசப்புப் போகும் எண்டு நம்புற ஆக்கள் கீழ கொமென்றில சண்டைக்கு வரலாம், நான் ரெடி! தேய்ப்பு நடுச்சதையில இருக்கிறதை உறிஞ்சி எடுக்காது. கசப்புக் கூடுதலா இருக்கிறது காம்புப் பக்கமும் தோலுக்குக் கீழயும். வெட்டி எறிஞ்ச அந்தத் துண்டுதான் உதவினது. அதால பூ நுனியை விட்டுட்டு, காம்புப் பக்கம் ரெண்டு விரலளவு வெட்டி, தோலைத் தடிப்பாச் சீவுங்கோ. அப்பவும் நாக்குச் சுருங்கிற கசப்பு எண்டா சாப்பிட வேண்டாம், வயித்தைக் குழப்பும். தண்ணி தவறினதும் கடும் சூடும்தான் வழமையான காரணம். மொட்டை மாடிச் சீமெந்தில சுடுற வாளிக்கு ரெண்டு நாள் தண்ணி தவறினாக் காணும். காய்க்கிற செடிக்கு நாளைக்கு ரெண்டு, மூண்டு லீற்றர், காலமை பாதி, பின்னேரம் பாதி, அடியில மட்டும். பூ விரிஞ்சு எட்டுப் பன்னிரண்டு நாளில காயைப் பிடுங்குங்கோ. ஒரு காயை மஞ்சளாகப் பழுக்க விட்டா, கொடி புதுப் பிஞ்சு வைக்கிறதைக் குறைச்சுப்போடும்.