தறி ஓடிய ஊரில் கார்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு ஊருக்குத் தொழிற்சாலை வர வேண்டுமென்றால் நிலம், வரிச்சலுகை, மின்சாரம் என்றுதான் பேச்சு தொடங்கும். நான் பஞ்சாலையில் ஃபிட்டராகக் காலம் கழித்தவன். எனக்கு முதலில் ஸ்பேர் பார்ட்ஸ்தான் ஞாபகத்துக்கு வரும். இன்று நான் சொல்லப்போகும் ஊரின் கதையிலும் அதற்குப் பெரிய இடம் இருக்கிறது.

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் ஸ்பார்டன்பர்க் என்று ஒரு கவுண்டி. நம் மாவட்டம் போன்ற ஒரு பிரிவு. பேக்கலெட், டைகர் ஆறுகளின் தண்ணீர் வேகத்தை நம்பி 19-ம் நூற்றாண்டில் அங்கே பஞ்சாலைகள் எழுந்தன. மில்லைச் சுற்றி மில்காரர் கட்டிய வீடுகள், மில்காரர் கடை. கறுப்பின மக்களுக்கு மட்டும் 1960கள் வரை தறியருகே வேலை கிடையாது. கூட்டுவது, மூட்டை சுமப்பதுதான். அந்த ஊரின் செழிப்பைப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேச எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் பருத்தியில் காய்ப்புழு மாதிரி ஒரு கூன்வண்டு விழுந்தது. 1920களில் விவசாயிகள் பலர் பீச் பழத்துக்கு மாறினார்கள். ஒரே பயிரை நம்பக்கூடாது என்று அந்த மண் கற்ற முதல் பாடம் அது.

இனி ஸ்பேர் பார்ட்ஸுக்கு வருவோம். மில்லிகன் என்ற பெரிய ஜவுளி நிறுவனத்தின் தலைவர் ரோஜர் மில்லிகன். அவர் மில்களுக்கு நல்ல இயந்திரங்கள் சுவிட்சர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்தன. ஒரு பாகம் உடைந்தால் கடல் கடந்து வரும்வரை தறி சும்மா நிற்கும். தறி நின்றால் என்ன நஷ்டம் என்று மில்லில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். அதனால் 'எங்கள் பக்கத்திலேயே பட்டறை போடுங்கள்' என்று இயந்திரக்காரர்களைக் கேட்டார். உள்ளூர் வர்த்தகச் சங்கத்தை நடத்திய ரிச்சர்ட் டக்கி ஐரோப்பாவுக்கே போய் ஆட்களை அழைத்தார். வந்த குடும்பங்கள் ஊரில் காலூன்றக் கூடவே நின்றார். 1960களில் ரீட்டர், சுல்சர் போன்ற ஜவுளி இயந்திர நிறுவனங்கள் ஸ்பார்டன்பர்க்கில் பலகை மாட்டின. கோவைப் பக்கத்து மில்காரர்களுக்கும் அந்தப் பெயர்கள் அந்நியமில்லை.

1961-ல் மாநில அரசு தொழில்நுட்பக் கல்லூரிகளைத் திட்டமிட்டது. வரும் ஆலைக்கு எந்த வேலை தெரிந்த ஆள் வேண்டுமோ, அந்த வேலையையே கற்றுக்கொடுக்கும் கல்லூரிகள். என் கணக்கில் வரிச்சலுகையைவிட இது பெரிய அழைப்பு. சலுகை தர எந்த ஊராலும் முடியும். கை பழகிய ஆட்கள் ஒரே வருடத்தில் உருவாக மாட்டார்கள்.

பின்னால் இறக்குமதித் துணி வந்து மில்கள் ஒவ்வொன்றாக மூடின. அந்த வலி சின்னதல்ல. இருந்தாலும் ஊர் முற்றிலும் சாய்ந்துவிடவில்லை. மிஷலின் டயர் ஆலை 1970களிலேயே வந்திருந்தது. 1992-ல் ஜெர்மன் கார் நிறுவனமான பிஎம்டபிள்யூ இங்கே ஆலை கட்டப்போவதாக அறிவித்தது. 1994-ல் முதல் கார் வெளியே வந்தது. மாநிலம் நிலமும் சலுகையும் கொடுத்தது உண்மை. தொழிற்சங்கம் வலுவில்லாத, கூலி குறைந்த பகுதி என்பதும் ஒரு காரணம். ஆனால் ஜெர்மன்காரர்கள் ஏறக்குறைய முப்பது வருடமாகக் குடியிருந்த ஊர் அது என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இன்று 11,000 பேருக்கு மேல் வேலை பார்க்கும் அந்த ஆலை, எக்ஸ் வரிசைக் கார்களை உலகம் முழுக்க அனுப்புகிறது.

கடல் அங்கிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். சரி, துறைமுகத்தையே ஊருக்குக் கொண்டுவருவோம் என்று 2013-ல் கிரீர் நகரில் உள்நாட்டுத் துறைமுகம் திறந்தார்கள். ஆலைகளின் கன்டெய்னர்கள் அங்கே ரயிலேறி, சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்கு இரவோடு இரவாகப் போகின்றன.

ஸ்பார்டன்பர்க்கின் பழைய பஞ்சாலைகளில் ஒன்றான டிரெய்டன் மில் இடிபடாமல் நிற்கிறது. தறிகள் ஓடிய அந்தக் கூடங்களில் இப்போது குடும்பங்கள் வாடகைக்குக் குடியிருக்கின்றன.

நன்றி, வணக்கம்.