குற்றவாளி இணையம் அல்ல, அரசியல்தான்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் குடியேற்றம் பற்றிய பேச்சு இவ்வளவு கசந்து போனதற்கு இணையமே காரணம் என்று எதிரணித் தோழி வாதாடினார். முகம் தெரியாதவர்கள் எழுதும் வசவுகளை எடுத்துக் காட்டினார். அவற்றைப் படித்தால் எனக்கும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் இணையம் வருவதற்கு முன் அங்கே மரியாதை இருந்தது என்றாரே, அதை எப்படி ஏற்பது? 1844இல் பிலடெல்பியாவில் ஐரிஷ் கத்தோலிக்கர்களின் தேவாலயங்களைக் கொளுத்தினார்கள். 1885இல் வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸில் 28 சீனச் சுரங்கத் தொழிலாளர்களைக் கொன்றார்கள். 1907இல் பெல்லிங்ஹாமில் மர ஆலைகளில் வேலை பார்த்த பஞ்சாபியரை அடித்து ஊரைவிட்டே துரத்தினார்கள். அன்று யார் கையில் செல்போன் இருந்தது?

சரி, 1986க்கு வருவோம். அனுமதியின்றிக் குடியேறியவர்களை என்ன செய்வது என்று பல வருடம் கடுமையாக மோதிக்கொண்டவர்கள், கடைசியில் ஒரு சட்டம் செய்தார்கள். அதிபர் ரீகன் கையெழுத்திட்டார். சுமார் 27 லட்சம் பேருக்குச் சட்டப்படி வாழும் உரிமை கிடைத்தது. அனுமதியற்றவர் என்று தெரிந்தே வேலைக்கு வைக்கும் முதலாளிக்குத் தண்டனையும் வந்தது. குறைகள் உள்ள சட்டம்தான், ஆனாலும் இரண்டு தரப்பும் விட்டுக்கொடுத்துச் செய்தது.

அப்புறம் என்ன நடந்தது? 2007இல் ஒரு குடியேற்றச் சீர்திருத்த மசோதா வந்தது. எதிர்ப்புத் தெரிவித்து மக்கள் அழைத்த அழைப்புகளில், நாடாளுமன்ற மேலவையான செனட்டின் தொலைபேசி இணைப்பகமே திணறியது. மசோதா அங்கேயே நின்றுபோனது. வானொலியும் வலைப்பதிவுகளும்தான் தூண்டிவிட்டன என்பார் தோழி. தூண்டட்டுமே! குடிமக்கள் தங்கள் பிரதிநிதியை அழைத்துக் கருத்துச் சொல்வது ஜனநாயகம்தானே. 2009இலும் 2010இலும் வெள்ளை மாளிகையும் இரு அவைகளும் ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்தன. முழுமையான சீர்திருத்தம் வரவில்லை. 2013இல் செனட்டில் இரு கட்சியினரும் சேர்ந்து 68க்கு 32 என்று ஒரு மசோதாவை நிறைவேற்றினார்கள். குடியரசுக் கட்சி பெரும்பான்மையாக இருந்த பிரதிநிதிகள் சபையில் அது வாக்கெடுப்புக்கே வரவில்லை. முடிவு கிடைக்கும் என்ற நம்பிக்கை இருக்கும்வரை மனிதர்கள் வாதம் செய்வார்கள். அது போனபின் திட்டுவதுதான் மிஞ்சும்.

நடுவர் அவர்களே, இதில் நம் குடும்பங்களும் மாட்டிக்கொண்டிருக்கின்றன. வேலை வழியாகத் தரும் கிரீன் கார்டுகளின், அதாவது நிரந்தரமாக வாழும் அனுமதிகளின், வருடாந்தர அளவை 1,40,000 என்று வைத்தது 1990ஆம் ஆண்டுச் சட்டம். மனைவி, குழந்தைகளும் அந்தக் கணக்கிலேயே வருவார்கள். ஒரு நாட்டுக்குப் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. அதனால்தான் இந்தியர்களின் வரிசை பல பத்தாண்டுகளுக்கு நீள்கிறது. கைக்குழந்தையாக வந்து அங்கேயே படித்து வளர்ந்த பிள்ளை, 21 வயதானதும் பெற்றோரின் விசாவைச் சார்ந்து தங்க முடியாது. வேறு விசா தேட வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். அந்தப் பிள்ளையை வெளியே தள்ளுவது ஒரு பின்னூட்டமா?

அந்த 7 சதவீதத்தை எந்த வலைப்பதிவராலும் மாற்ற முடியாது. பிரதிநிதிகள் சபையின் 435 பேராலும் செனட்டின் 100 பேராலும் முடியும். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தித் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி.